நலம் மட்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய எழுதுகிறேன். அதை மட்டும் அறிய எழுதுகிறேன்.

விதி உனக்கே தெரியும். சபையை விட்டு விலகியவருக்கு உறுதி ஏற்றவர்கள் எழுதக் கூடாது. இன்னும் உறுதி ஏற்காதவர்கள் எழுதலாம். நலம் மட்டும் கேட்கலாம். வீட்டுப் பெரியவர் படித்துப் பார்த்த பிறகே உறையை ஒட்ட வேண்டும். வருகிற கடிதத்தையும் அவர் படித்துவிட்டுத்தான் தருவார். நம் வீட்டில் உறுதி ஏற்காதவள் நான் ஒருத்திதான். ஆகஸ்டில் எனக்கும் உறுதி. அதுவரை எழுதலாம்.

காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா? கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது?

அப்பா நலம். அம்மா நலம். நான் நலம்.

அப்பா இதைப் படித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் தங்கை


பிப்ரவரி 20

பொடிசுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். நீ எப்படி இருந்தாலும் நலம் என்றுதான் எழுதுவாய். இருந்தாலும் கேட்கிறேன்: நலமா?

அப்பாவுக்கு வணக்கம். நீங்கள்தான் இதை முதலில் படிப்பீர்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அறை கிடைத்துவிட்டது. கீழே சலவைக் கடை. அவர்கள் இஸ்திரி போட ஆரம்பித்தால் என் தரை சூடாகும். குளிருக்கு நல்லது. கோடையை நினைக்கவில்லை.

வேலையும் கிடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை. முதலாளி ஒரு பெண். தெருவே அவரைக் கண்ணாடிக்காரம்மா என்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் என் கண்ணையே சோதித்தார். எதிரே எழுத்துப் பலகை. மூக்கின் மேல் ஒரு கனமான சட்டம். அதில் ஒரு வில்லையைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார்.

"இதுவா, இதுவா? எது தெளிவா இருக்கு?"

நான் யோசித்தேன். பிறகு கேட்டேன்: "எது சரிங்க?"

"என்னம்மா, பரீட்சையா நடக்குது? உன் கண்ணு. எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்கு வருவார்களே, நினைவிருக்கிறதா? முன்னால் நிற்கும் பெண் சொல்லும் எழுத்துகளை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிப்பேன். கேள்வி கேட்டால் அதற்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கும், அதைத் தவறில்லாமல் சொல்ல வேண்டும் என்றுதானே நாம் வளர்ந்தோம்? எல்லா ஆண்டும் தேறினேன். ஒரு ஆண்டும் பலகை தெரியவில்லை.

கண்ணாடிக்காரம்மா சட்டத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரியலங்கறதும் பதில்தான். அத வெச்சுத்தான் நான் கண்ணாடியே போடுறேன்."

இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன். எதிர் மாடியில் காயும் துணியில் ஒவ்வொரு கிளிப்பும் தெரிகிறது. ஒன்று பச்சை.

பல் வலி இல்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். நீ நலம் என்பது அறிந்து மகிழ்ச்சி.

உன் கடிதத்தை அப்பா பட்டறையில் வைத்தே பிரித்தார். கையை நீட்டி, வெளிச்சத்துக்குக் காட்டி, மேலிருந்து கீழே வரை படித்தார். "நல்லாத்தான் இருக்காளாம்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டுவார் என்று நினைத்தேன்.

அம்மாவும் உறுதி ஏற்றவள் என்பதால் உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நான் எழுத உட்கார்ந்தால் மட்டும் பக்கத்தில் வந்து ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்க்கிறாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். நேற்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வேளைக்குச் சாப்பிடறாளான்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டா என்ன, குறைஞ்சா போயிடும்?"

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பாடும் நலத்தில் சேரும் என்று நினைக்கிறேன்.

பள்ளி முடிந்ததிலிருந்து பட்டறையில் அப்பாவோடு இருக்கிறேன். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது எனக்கும் கை வந்துவிட்டது. கம்பி எத்தனை மெல்லியது என்று அப்பா பார்ப்பதே இல்லை, விரலால் தடவியே சொல்கிறார். மோட்டார் மேல் ஒட்டிய விவரப் பட்டையில் இருப்பதை மட்டும் நான்தான் படிக்க வேண்டும். "கை எண்ணெயா இருக்கு, என்ன போட்டிருக்கு படி" என்பார். பட்டையைப் படிக்கக் கை எதற்கு என்று நான் கேட்பதில்லை.

அப்பா இதைப் படித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் தங்கை


ஏப்ரல் 2

பொடிசு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அந்தப் பாத்திரத்திடம் சொல். கை இன்னமும் சாப்பிடுவதற்கு முன் தானாகக் கூடிவிடுகிறது. யாருக்கு நன்றி சொல்கிறேன் என்று யோசிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. சில நாள் அப்படியே விட்டுவிடுகிறேன். சில நாள் கையைப் பிரித்துவிட்டுச் சாப்பிடுகிறேன். இரண்டு நாளும் பசி ஒன்றுதான்.

பிரார்த்தனை நாளில் என்ன செய்வது என்று தெரியவில்லை. தெருவில் நடந்தேன். கடைகள் திறந்திருந்தன. ஒரு ஆள் ஏணியில் நின்று பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். அழியப்போகிற உலகம் என்று நமக்குச் சொன்னார்களே. அதற்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தான்.

சபை மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுவது மட்டும் வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் அழுதேன்.

ஒன்று கேட்க வேண்டும். கையை நீட்டிப் படித்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார், பட்டையைப் படிக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். இங்கே கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வெள்ளெழுத்து, கிட்ட இருக்கும் எழுத்து தெரியாது. வந்து பல வருடம் ஆகியிருக்கும்.

அப்படியானால் மண்டபத்தில் எல்லோருக்கும் வேதநூலை எப்படி வாசித்துக் காட்டுகிறார்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நலம், நலம், நலம். அது முடிந்தது.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்பாவைப் பற்றி இப்படி எழுதிய கடிதத்தையே அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காளாம்" என்று கொடுத்திருந்தார்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு தாளில் எழுதினேன்: 'அக்கா, ஒரு வருடமாக மண்டபத்தில் நான் வாயை மட்டும் அசைக்கிறேன், பாடுவதில்லை.' அப்பாவிடம் நீட்டினேன். கண்ணை வரிவரியாக ஓட்டினார். "நலம் மட்டுந்தானே கேட்டிருக்க? ஒட்டிடு."

பிறகு இருமல் மருந்துப் பாட்டிலைக் கொடுத்து, எத்தனை வேளை என்று கேட்டேன். "மூணு வேளை. எல்லா மருந்தும் மூணு வேளைதான்." அதில் இரண்டு வேளை என்று இருந்தது.

மண்டபத்தில் மனப்பாடமாகச் சொல்கிறார், அக்கா. போன வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. வாசகம் பிசகாமல் தொடர்ந்தது. இத்தனை நாளாக அவர் கையில் நூல் இருக்கிறது, கண்ணில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ செய்தது.

இனி எழுதப் பயமில்லை, அதனால் எழுதுகிறேன். உறுதி ஏற்கும் நாளில் கேள்வி-விடைப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கப்போவது அப்பாதான். மூன்றாவது கேள்வி உனக்கு மறந்திருக்காது: 'சபைக்கு வெளியே இருப்பவர்கள் எல்லோரும் அழிவார்கள் என்று நம்புகிறாயா?' நீ நம்புகிறேன் என்று சொன்னவள். அடுத்த வருடம் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் மண்டபத்தில் எழுந்து நின்று கேட்டாயே, "நர்ஸம்மாவுமா?" என்று. சபைத் தலைவர் உன்னிடம் ஓராண்டு யாரோடும் பேசாதே என்றார். ஒரு வாரம் பேசாமல் இருந்தாய். பிறகு ரயில் ஏறினாய்.

இப்போது அந்த 'எல்லோரும்' என்பதில் நீயும் இருக்கிறாய்.

நம்புகிறேன் என்று சொன்னால் அதற்குப் பிறகு உனக்கு எழுத முடியாது. நம்பவில்லை என்றால் நானும் ரயில் ஏற வேண்டும். நான் என்ன சொல்ல?

உன் பொடிசு


மே 6

பொடிசு,

நலம். தரை கொதிக்கிறது. கட்டிலின் மேலேயே வாழ்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இதைச் சொல் என்று நான் எழுதினால், நீ அதை ஒப்பிப்பாய். புத்தகம் மாறும், அவ்வளவுதான். எனக்கே இன்னும் எதுவும் முடியவில்லை. கடவுள் இல்லை என்று சொல்ல நான் கிளம்பவில்லை. ஒரு கேள்விக்காகக் கிளம்பினேன். அது என்னோடு அறையில் இருக்கிறது. வாடகை தருவதில்லை.

நீ என்ன சொன்னாலும் நீ என் தங்கை. அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு யோசி.

இந்த உறையோடு ஒரு பொட்டலம் வரும். அப்பாவுக்குப் படிக்கிற கண்ணாடி. நீ சொன்னதையும் அவர் வயதையும் வைத்துக் கண்ணாடிக்காரம்மா ஒரு கணக்குப் போட்டுத் தந்தார். நேரில் பார்த்தால்தான் சரியாக வரும், இப்போதைக்கு இது போதும் என்றார்.

மூன்று நாள் இதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போட்டுக்கொண்டால் நம் கடிதங்கள் அவருக்குத் தெரியும். நீ வாயை மட்டும் அசைப்பது தெரியும். உனக்கும் எனக்கும் மறுபடி இருமல் உண்டா, காய்ச்சல் உண்டாதான். அனுப்பாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் தெரியக்கூடாதது இருக்கிறது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? அதையே நான் அவருக்குச் செய்ய முடியாது.

கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பொட்டலம் கிடைத்தது. அப்பாவிடம் கொடுத்தேன். "எனக்கெதுக்கு இது? என் கண்ணுக்கு என்ன கேடு?" என்று பட்டறை மேசையின் இழுப்பறையில் போட்டார். இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. முந்தாநாள் ஒரு மோட்டார்ப் பட்டையை என்னைக் கேட்காமலே படித்தார்.

காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா?

அப்பா இதைப் படித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் தங்கை


ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

நலம். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை.

அப்பாவுக்கு வணக்கம். கண்ணாடி காதை அழுத்தினால் வெந்நீரில் நனைத்த துணியால் கம்பியைச் சற்று நேரம் பிடித்து, மெதுவாக வளைக்கவும். பட்டறையில் செய்வது போல இடுக்கி போட வேண்டாம்.

நலம் மட்டும் எழுத வேண்டும் என்பதால் என் நலத்தை முழுதாக எழுதுகிறேன். தூக்கம் வருகிறது. சில நாள் விழித்ததும் நான் செய்தது தவறோ என்று தோன்றுகிறது. முகம் கழுவுவதற்குள் போய்விடுகிறது. சில நாள் போவதில்லை. இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் கண்ணை நானே சோதிக்கிறேன். நேற்று வந்தவர் ஒவ்வொரு வில்லைக்கும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று சொல்கிறார். "ஐயா, எனக்காகப் பாக்காதீங்க, உங்களுக்காகப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டு, இதை எனக்கு யாராவது சின்ன வயதில் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்பா மேல் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பா மோட்டார் கட்டி முடித்ததும் உடனே தரமாட்டார். ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "கட்டினவன் நான்தான். அதுக்காக நம்பிட முடியுமா?" என்பார். நான் சோதித்துப் பார்க்கக் கற்றது அங்கேதான். அதை அவரிடம் சொன்னதில்லை.

இதுவரை என் நலம்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 9

அக்கா,

நலம். கேள்.

உன் கடிதம் வந்த அன்று பட்டறையில் வேலை இல்லை. அப்பா இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடிதத்தைப் பிரித்தார். நான் வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன். முதல்முறையாக அவர் கண் வரியின் கடைசி வரை போவதையும் திரும்பி வருவதையும் பார்த்தேன். சில இடத்தில் நின்றது. ஒரு இடத்தில் மேலே போய் மறுபடி வந்தது.

படித்து முடித்துவிட்டு, "பழசெல்லாம் எங்க?" என்றார்.

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. எடுத்து வந்து கொடுத்தேன். எல்லாவற்றையும். நான் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த அந்தச் சோதனைத் தாளும் அதோடு போய்விட்டது. வாயை மட்டும் அசைக்கிறேன் என்று எழுதியது.

அதையும் படித்தார். மடித்தார். ஓரங்களைச் சேர்த்து மடித்தார், அவர் கம்பியைச் சுற்றி வைப்பது போல.

"நலம்தான் எழுதியிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார்.

நான் கேட்டேன்: "அப்பா, எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"கண்ணாடி போட்டிருக்கேன்ல? கண்ணு தெரியுது." பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "பச்சைக் கிளிப்பு" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் உறுதிக்கான கேள்வி-விடைப் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனப்பாடமாக எத்தனையோ பேரைக் கேட்டவர். இப்போது முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். அம்மா பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இத்தன வருஷமா வாசிச்சது பத்தாதா?" என்றாள். "இப்பதான் வாசிக்கிறேன்" என்றார் அப்பா.

இன்னும் ஒரு மாதம். என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பொடிசு


ஆகஸ்ட் 12

அக்கா,

நலம். உன் நலம் அறிய இன்னும் எழுதலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை. அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நான். தலைவர் நாற்காலியில். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டதும் ஒரு சலசலப்பு. வாசிப்பவரின் கண் மங்காது என்று அல்லவா நம் ஆட்கள் பெருமை பேசுவார்கள்?

முதல் கேள்விக்கு நம்புகிறேன் என்றேன். இரண்டாவதுக்கும். அவை கடவுளைப் பற்றியவை. பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. மூன்றாவதுக்கு வந்ததும் அப்பா புத்தகத்தில் விரலை வைத்தார். பிறகு வாசித்தார். 'எல்லோரும்' என்ற சொல்லுக்குக் கீழே விரல் நின்றது. மனப்பாடமாகச் சொன்னால் நின்றிருக்காது.

நான் வாயைத் திறந்தேன். உன் எழுத்துப் பலகை நினைவுக்கு வந்தது. உண்மையிலேயே என்ன தெரிகிறது என்று பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "பதில் புத்தகத்துலேயே இருக்கேம்மா. பயப்படாம சொல்லு."

"புத்தகத்துல இருக்கிறது தெரியுங்க. எனக்குத்தான் தெரியல."

"நீங்க மறுபடி கேளுங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா கேட்டார். நான் தெரியல என்றேன். அம்மா பெண்கள் வரிசையில் எழுந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். ஏன் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"இன்னொரு தடவை" என்றார் தலைவர்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். புத்தகத்தை மூடினார்.

"கேட்டாச்சுங்க. பதில் சொல்லிட்டா."

மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். மூன்று பேரும் நடந்து வீடு வந்தோம். வழியில் நர்ஸம்மா வாசலில் நின்று, "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார். அம்மா, "முடியலம்மா, பாதியில இருக்கு" என்றாள்.

இன்று காலை செய்தி வந்தது. என் உறுதி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அப்பா ஓய்வெடுத்துக்கொள்ளலாமாம், வாசிப்புக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள். அப்பா கேட்டுவிட்டு, "கண்ணுக்கும் ஓய்வு வேணும்ல" என்று ஒரு மோட்டாரை ஓடவிட்டு உட்கார்ந்துவிட்டார். வருத்தம் இருக்கிறது, அக்கா. அது அவருடைய இடம். சாயங்காலம் மண்டபத்திலிருந்து பாட்டு கேட்கும்போது அந்தப் பக்கம் பார்க்கிறார்.

மனப்பாடம் இல்லாத அப்பாவின் குரலை நேற்றுத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

உன் பொடிசு


செப்டம்பர் 3

என் மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். எனக்கு எழுத அனுமதி இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் நீ அனுப்பிய கடிதத்தில் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாய். அதை ஜூலையில்தான் பார்த்தேன். வணக்கம்.

கண்ணாடிக் கம்பியை நீ சொன்னபடி வெந்நீர்த் துணி வைத்து வளைத்தேன். இடுக்கி போடவில்லை. கிட்ட இருப்பது நன்றாகத் தெரிகிறது. மாலையில் கொஞ்சம் எரிகிறது. உங்கள் கடை அம்மா நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய்.

நான் நம்புவதை விட்டுவிடவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கட்டியதை ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன் என்கிறாய். கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் சத்தம் சரியில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். எழுத்துப் பலகையை யாரும் எனக்கு முன்னால் வாசிக்காமல் பார்த்துக்கொள். ஒரு தடவை காதில் விழுந்தால் மனப்பாடம் ஆகிவிடும், என் வழக்கம் அப்படி.

தங்கையும் வருகிறாள். அம்மாவும் வருகிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அவளே நேரில் கேட்டுக்கொள்வாளாம். பாத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாள்.

இதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானே ஒட்டுகிறேன்.

அப்பா